மரத்தால் பாய்மரக் கப்பல் மாதிரி செய்கிறேன். அது வரலாற்றுக்குப் பிசகாமல் வர என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர் கொஞ்சம் தச்சு வேலை பழகியவர் என்றும், ஒரு கிட் (பாகங்களும் குறிப்பும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பு) வாங்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறார். நான் தச்சு பழகியவன் இல்லை, வங்கி ஊழியன். சென்னையில் ஒரு பால்கனி மூலையில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், மூன்று வருடம் உட்கார்ந்து ஸ்வீடனின் வாசா கப்பலை 1:75 அளவில் கட்டி முடித்தேன். கை வேலையைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். எங்கெங்கே ஏமாந்தேன் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது கப்பலை இல்லை, தேதியை. இங்கிலாந்தின் விக்டரி போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் அதிகம் பேர் கட்டும் மாதிரி அதுவாகத்தான் இருக்கும். அது தண்ணீரில் இறங்கியது 1765இல். அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு அடித்தது 1780இல். பின்புறத்தில் இருந்த திறந்த மாடங்களை 1800 முதல் 1803 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில் மூடிவிட்டார்கள். அது சண்டையிட்ட டிராஃபல்கர் கடற்போர் 1805இல். ஆக, திறந்த மாடமும் செம்பு அடியும் சேர்ந்த விக்டரி இருந்தது. திறந்த மாடத்தோடு டிராஃபல்கருக்குப் போன விக்டரி இல்லை. நிறமும் அப்படித்தான். நாம் படங்களில் பார்த்துப் பழகிய அடர் மஞ்சள் பட்டை போர்க்காலத்தது இல்லை என்று பெயின்ட் அடுக்குகளை ஆராய்ந்து கண்டுபிடித்து, 2015இல் நிஜக் கப்பலுக்கே வெளிறிய நிறம் அடித்தார்கள். அதற்கு முன்னால் கட்டி முடித்தவர்கள் பாவம்.

அடுத்தது, சான்று இருக்கிற கப்பலாகப் பார்த்து எடுங்கள். கொலம்பஸின் சாந்தா மரியாவுக்கு வரைபடம் என்று ஒன்றுமே கிடையாது. கடையில் கிடைக்கும் அத்தனை சாந்தா மரியாவும் ஊகம்தான். அலங்காரக் கடைகளில் அதற்குச் சுக்கான் சக்கரம்கூட வைத்திருப்பார்கள்! சக்கரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. வாசாவிலும் சக்கரம் இல்லை. சுக்கானோடு சேர்ந்த நீளக் கட்டையை, மேலே நின்றுகொண்டு ஒரு செங்குத்துத் தடியால் தள்ளித் திருப்பினார்கள்.

நான் வாசாவை எடுத்த காரணமும் சான்றுதான். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதல் பயணம் புறப்பட்டு, ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாமல் சாய்ந்து மூழ்கிய கப்பல். 333 வருடம் கழித்து, 1961இல் மேலே எடுத்தார்கள். மூழ்கிய மரத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. ஊகிக்கவே தேவையில்லை என்று நினைத்தேன்.

கிட் பெட்டியிலிருந்த குறிப்பு, மேல்பகுதிச் சுவர்களுக்கு நீலம் அடிக்கச் சொன்னது. அடித்தேன். மூன்று பூச்சு, நடுநடுவே உப்புத்தாள் தேய்ப்பு, கிட்டத்தட்ட ஒரு மாதம். சிற்பங்களுக்குப் பொன்நிறம் கொடுத்து ஒட்டிய பிறகுதான் ஸ்டாக்ஹோமின் வாசா அருங்காட்சியகத்தில் இருக்கும் 1:10 மாதிரியின் படத்தைப் பார்த்தேன். சிவப்பு! பல காலம் எல்லோரும் நீலம் என்றுதான் நம்பியிருக்கிறார்கள். பிறகு மரத்தில் ஒட்டியிருந்த நிறமித் துணுக்குகளை ஆராய்ந்தபோது பின்னணி சிவப்பு என்றும், சிற்பங்களும் வெறும் பொன்நிறம் இல்லை, கோயில் கோபுரம் மாதிரி பல வண்ணம் என்றும் தெரிந்திருக்கிறது. கிட் செய்த கம்பெனி பழைய குறிப்பை மாற்றவே இல்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். பிரஷ்ஷைத் தொடும் முன்பு பெட்டியில் வந்த தாளை நம்பாமல் வெளியே ஒருமுறை பாருங்கள்.

இனி அளவு. இதற்கு எனக்கு உதவியது ஒரு அட்டை மனிதன்தான். 1:75இல் ஐந்தரை அடி ஆள் 22 மில்லிமீட்டர்தான் வருவான். அப்படி ஒருவனை அட்டையில் வெட்டித் தளத்தில் நிற்க வைத்தேன். கிட்டில் வந்த ஏணியின் ஒவ்வொரு படியும் அவன் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. கைப்பிடிச் சுவர் அவன் தலைக்கு மேலே. ஏணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தேன். எந்தப் பாகத்தை ஒட்டும் முன்பும் அவனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் மனைவி அவனுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள்.

மரத்துக்கும் இதே கணக்கு. வாசா ஓக் மரத்தில் கட்டியது என்பதற்காக ஓக்கில் செய்யப் போகாதீர்கள். அதன் ரேகை மாதிரியில் யானைத் தோல் மாதிரித் தெரியும். தேக்கும் அப்படித்தான். ரேகை கண்ணுக்கே தெரியாத மரம் வேண்டும். ஐரோப்பாவில் பேரி மரம், பாக்ஸ்வுட் என்று போகிறார்கள். நமக்கு மஞ்சக்கடம்பு இருக்கிறது, வெட்பாலை இருக்கிறது. கர்நாடகத்தில் சன்னபட்ணா பொம்மைகள் செய்கிறார்களே, அந்த மரம்தான் வெட்பாலை. சின்னச் சிற்பம் செதுக்க அதைவிட நல்ல மரத்தை நான் பார்க்கவில்லை. வாசாவில் சுமார் 700 சிற்பங்களும் அலங்காரங்களும் உண்டு. கிட்டில் உலோக வார்ப்பாக வந்தவற்றில் மூக்கு வாய் சரியாக இல்லாத சிலவற்றை மட்டும் நானே செதுக்கினேன். மிச்சம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பலகை போர்த்தும் முன்பு, ஏராவின் (கப்பலின் அடிமரம்) மேல் விலா எலும்பு மாதிரி நிற்கும் வங்குகளின் விளிம்பைச் சாய்வாக இழைக்க வேண்டும். ஒரு மெல்லிய குச்சியை வளைத்து வைத்துப் பார்த்தால் எல்லா வங்கிலும் ஒட்டி உட்கார வேண்டும். நான் அவசரப்பட்டேன். வலப்பக்கம் லேசாகப் புடைத்துக்கொண்டது. நிஜ வாசாவே சமச்சீராக இல்லை என்று படித்தபோது ரொம்ப சந்தோஷம். கப்பலுக்குள் கிடைத்த தச்சர்களின் அளவுகோல்களில் இரண்டு 12 அங்குல ஸ்வீடன் அடி, இரண்டு 11 அங்குல ஆம்ஸ்டர்டாம் அடி. ஆளுக்கொரு அடியில் அளந்தால் வேறென்ன ஆகும்! ஆனால் தொடர்ந்து படித்தால், அங்கே கனம் கூடியது இடப்பக்கமாம். என் சாக்கு அதோடு போயிற்று.

கயிற்றில்தான் மாதிரி மாட்டிக்கொள்ளும். பழைய ஆங்கில நூல்களில் 12 அங்குலக் கயிறு என்றால் அது விட்டம் இல்லை, சுற்றளவு. இது தெரியாமல் 12 அங்குலத்தை 75ஆல் வகுத்து 4 மில்லிமீட்டர் கயிறு கட்டினேன், பாய்மரத்தில் மலைப்பாம்பு ஏறியது போல இருந்தது. 3.14ஆல் வகுத்த பிறகு 1.3 மில்லிமீட்டர்தான் வந்தது. கடையில் வாங்கும் பருத்தி நூலில் பிசிறு நிற்கும். நம் ஊர் மழைக்காலத்து ஈரத்துக்கு இறுகித் தளர்ந்து வம்பு செய்யும். பாலியஸ்டர் நூலை நானே திரித்தேன். கயிறு திரிக்கிற ராட்டை நீங்கள் பார்த்திருந்தால் சுலபம்: மூன்று புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் நிலையான கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அதனால் அவை கருமை. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் நிறம். எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் கட்டினால், மற்ற வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பொம்மையாகத்தான் தெரியும்.

கிட் வாங்குவதா என்றால், வாங்குங்கள். ஆனால் முதல் வேலைக்கு ஒற்றைப் பாய்மரப் படகு போதும். மூன்று பாய்மரக் கப்பலில் தொடங்கிப் பாதியில் பரணுக்கு ஏற்றியவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

அப்புறம், தேதி என்று ஆரம்பித்தேனே. நான் எடுத்துக்கொண்ட தேதி ஆகஸ்ட் 10, பிற்பகல். அன்று வாசாவின் பத்துப் பாய்களில் நான்கைத்தான் விரித்திருந்தார்கள். விரிக்காத ஆறு பாய்கள் கப்பலோடு மூழ்கி, பாய் அறையிலேயே கிடந்தன. மரியாதைக் குண்டு போடுவதற்காகப் பீரங்கிச் சன்னல்கள் திறந்திருந்தன. தண்ணீர் அதன் வழியாகத்தான் புகுந்தது. அதனால் என் மாதிரியிலும் நான்கு பாய்தான், சன்னல்கள் எல்லாம் திறப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள், மிச்சப் பாய்களை எப்போது கட்டப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.