நியூயார்க் மாநிலம் ஆல்பனி பக்கத்தில், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு எளிதாக நடக்கக்கூடிய காட்டுப் பாதை ஏதாவது உண்டா? மலையேற்றம் வேண்டாம்.

உண்டு. ஆல்பனி பைன் புஷ். ஆல்பனிக்கும் ஸ்கெனெக்டடிக்கும் நடுவில், ஊருக்குள்ளேயே 3,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் பாதுகாக்கப்பட்ட இடம். போன கோடையில் என் அப்பா அம்மாவை அங்கேதான் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அருவி, ஏரி, உச்சியிலிருந்து பள்ளத்தாக்குக் காட்சி என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். காரை விட்டு இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "இது என்னடா, வெறும் புதர்க்காடா இருக்கு?" நெடுஞ்சாலைச் சத்தம் வேறு சில இடங்களில் விடாமல் கேட்கும். பக்கத்திலேயே குப்பைக் கிடங்கு ஒன்றும் உண்டு.

நியூ கார்னர் சாலையில் இருக்கும் டிஸ்கவரி சென்டரில் (காப்பகத்தின் பார்வையாளர் மையம்) வண்டியை விட்டுவிட்டு, அதன் பின்னாலிருந்து கிளம்பும் பாதைகளில் நடங்கள். போன வழியே திரும்பாமல் ஒரு சுற்றுச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். சிறிய சுற்று, பெரிய சுற்று இரண்டும் உண்டு. கழிப்பறை அங்கேயே இருப்பதால் பெரியவர்களுக்கு வசதி. நாங்கள் நின்று நின்று நடந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக எடுத்துக்கொண்டோம்.

ஏற்ற இறக்கம் அதிகமில்லை. ஆனால் பாதை பல இடங்களில் மணல். கடற்கரையில் நடப்பது போலக் கால் புதையும், கெண்டைக்கால் இழுக்கும். அப்பாவின் ஊர் உடன்குடிப் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேடுகள் இருக்கும் இடம். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "தேரி மணல் மாதிரியே இருக்கு, செவப்புதான் இல்ல" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இரண்டுமே காற்று குவித்த மேடுகள்தான். பனியுகம் முடியும் காலத்தில் இங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. ஆறு கொண்டுவந்து அதில் கொட்டிய மணல், ஏரி வற்றியபின் காற்றில் பறந்து மேடு மேடாகச் சேர்ந்துவிட்டது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு ஊன்றுகோல் கொடுத்துவிடுங்கள். அம்மா பாதி வழிக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது கருகிய மரங்கள். ஒரு வளைவு தாண்டியதும் அடிமரமெல்லாம் கரிபூசினாற்போல் பைன்கள் நின்றன. ஐயோ, காட்டுத்தீ போல என்று அம்மா பதறிவிட்டார். அருகில் போய்ப் பார்த்தால், கரிந்த பட்டையின் வெடிப்பிலிருந்தே பச்சைக் குச்சம் குச்சமாக ஊசியிலைகள் தள்ளியிருந்தன, மூன்று மூன்றாக. இது பிட்ச் பைன் என்ற மரம். தடித்த பட்டை உள்ளே இருக்கும் மொட்டுகளைக் காப்பாற்றிவிடும், தீ போனதும் அடிமரத்திலிருந்தே துளிர்க்கும். அந்தத் தீயும் தானாகப் பிடித்ததில்லை. காப்பகத்துக்காரர்களே காற்றும் ஈரமும் பார்த்து, பகுதி பகுதியாகக் கொளுத்துகிறார்கள். கொளுத்தாமல் விட்டால் வேறு மரங்கள் வளர்ந்து நிழல் மூடி, வெயில் கேட்கும் செடிகள் போய்விடும்.

அப்படி வெயில் கேட்கும் செடிதான் நீல லூபின். மே கடைசியில் போனால் பூத்துக் கிடக்கும். கார்னர் புளூ என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த ஒரு செடியின் இலையை மட்டும்தான் தின்னும். 1992-இல் அழியும் நிலை இனமாக அமெரிக்க அரசு அறிவித்த பூச்சி அது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வருடத்துக்கு இரண்டு தலைமுறை, ஒன்று மே இறுதி, ஜூன் வாக்கில், இன்னொன்று ஜூலை, ஆகஸ்டில். நாங்கள் போனது ஜூலை நடுவில். லூபின் பூவெல்லாம் முடிந்து காயாகிவிட்டிருந்தது, ஆனால் பூச்சி ஒன்று பாதையோர ஈர மண்ணில் வந்து உட்கார்ந்தது. அப்பா செல்போனை எடுப்பதற்குள் பறந்துவிட்டது.

நிழல் குறைவு, அதனால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். காலை எட்டு, ஒன்பதுக்கே போய்விடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். வெள்ளை சாக்ஸ் இன்னும் நல்லது, அதற்குள் பேன்ட் நுனியைச் சொருகிவிடுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. காரில் ஏறும் முன் அப்பாவின் சாக்ஸில் எள்ளு மாதிரி ஒன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. மான் உண்ணி. லைம் நோய் என்கிற பாக்டீரியா தொற்று இது கடித்துத்தான் வருகிறது. பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்காமல் இருந்தால் பெரும்பாலும் ஒட்டாது. அப்பா லூபின் காயைப் பார்க்க இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, குளித்துவிட்டு அப்புறம் சாப்பிட உட்காருங்கள்.