ஒரே கம்பெனியை நம்பி உங்கள் பிள்ளையை விடாதீர்கள்

பிளஸ் டூ படிக்கும் மகன் பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைல் கேமின் இந்தியப் பதிப்பு) ப்ரோ பிளேயர் ஆகியே தீருவேன் என்கிறான். மாமாவும் சித்தப்பாவும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது என்று ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. பதற்றம் புரிகிறது. ஆனால் இரண்டு வழியும் வேண்டாம் என்பதே என் பதில்.

ஈஸ்போர்ட்ஸில், அதாவது வீடியோ கேம் போட்டிகளில், ஆடுகளமே கேமை உருவாக்கிய கம்பெனியின் சொத்து. 2018 டிசம்பரில், ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம் கேமின் லீக் அடுத்த ஆண்டு கிடையாது என்று அதை உருவாக்கிய பிளிஸ்ஸார்ட் கம்பெனி அறிவித்தது. முழுநேர வீரர்கள், வர்ணனையாளர்கள் பலரின் பிழைப்பு அன்றோடு போனது. நம் நாட்டில் பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. பத்து மாதம் வருமானமில்லாமல் உங்கள் வீடு தாங்குமா? கவுன்டர் ஸ்டிரைக் கேம் இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு ஒரு காரணம், அதன் கம்பெனியான வால்வ் 'மேஜர்' எனும் பெரிய போட்டிகளுக்குத் துணைநின்று, மற்றதை வெளி அமைப்பாளர்களும் நடத்த விட்டது. எந்த கேமாக இருந்தாலும் அடுத்த ஆண்டுப் போட்டி அட்டவணை வந்துவிட்டதா, பரிசுப்பணம் யார் தருவது என்று பாருங்கள். இரண்டும் ஒரே கம்பெனியின் கையில் என்றால் கவனம்.

கோடிங் பக்கமே போகாத பிள்ளைக்குக் கடன் வாங்கி சீட் வாங்காதீர்கள். வட்டி கட்டப்போவது மாமா அல்ல.

யாரும் சொல்லாத வழி, போட்டிகளின் நேரலைத் தயாரிப்பு. கேம் மாறினாலும் இந்த வேலை மாறாது. கபடி, கல்யாண லைவ் வரை கைகொடுக்கும். அப்சர்வர் என்பவர் பார்வையாளர்களுக்குக் காட்டும் கேமுக்குள் உள்ள கேமராவை இயக்குபவர்; பிஜிஎம்ஐ போட்டியில் 16 அணி, 64 வீரர்களில் அடுத்த சண்டை எங்கே வெடிக்கும் என்று, வீரர்கள் உள்ளே இருக்க வேண்டிய வட்டம் சுருங்கும் திசையை வைத்துக் கணித்து, முன்கூட்டியே கேமராவை அங்கே கொண்டுபோக வேண்டும். துப்பாக்கிச் சத்தம் கேட்டபிறகு போனால் தாமதம். மகனுக்கு இருக்கும் விளையாட்டறிவு இங்கேதான் காசாகும்.

பழக ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருள் இலவசம். 1080p, நொடிக்கு 60 ஃபிரேமுக்கு பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவு) 6000 கேபிபிஎஸ், கீஃபிரேம் (முழுப் படம் அனுப்பும் இடைவெளி) 2 நொடி என்று தொடங்கலாம். அப்லோடு வேகம் அந்த பிட்ரேட்டைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும், வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். 'டிராப்டு ஃபிரேம்ஸ்' ஏறினால் இணையக் கோளாறு. 'என்கோடிங் லேக்' என்று வந்தால் கம்ப்யூட்டர் திணறுகிறது. ஆடியோ எல்லாவற்றின் சாம்பிள் ரேட்டையும் 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், ஒன்று 44.1-இல் கிடந்தால் நேரம் போகப்போகக் குரல் படத்தை விட்டு விலகலாம். வீரர்கள் நேரலையைப் பார்த்து எதிரியின் இடத்தை அறியாதிருக்க, சில நிமிடத் தாமதம் கட்டாயம்.

படிப்புக்கு அரசு உதவிபெறும் கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) போதும். லட்சங்களில் கட்டணம் கேட்கும் 'ஈஸ்போர்ட்ஸ் டிப்ளமோ'வில் சேர்க்காதீர்கள். முதலில் கல்லூரி அளவிலான போட்டி ஒன்றின் ஒளிபரப்பை அவனே முழுதாக நடத்தட்டும். ஆறு மணிநேரம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் விஸ்காமுக்கு விண்ணப்பம் வாங்குங்கள்.