ஒளி, வெளி, விளிம்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி. கலிபோர்னியாவின் 'ஒளியும் வெளியும்' கலை இயக்கத்தில் ஜேம்ஸ் டரெல் செய்த திறப்புச் சுவர்களைப் படங்களில் பார்த்து, கல்லூரி விழாவுக்கு நண்பர்களோடு அப்படி ஒன்றைச் செய்தோம். 18 மி.மீ. பிளைவுட் சுவர். அதில் 6 அடி அகலம், 4 அடி உயரத்துக்கு ஒரு திறப்பு. பின்னால் அதே அகலத்தில், 3 அடி ஆழத்தில் வெள்ளையடித்த அறை. உள்ளே மேல்பக்கம் நீல எல்இடி பட்டை. இருட்டில் பார்த்தபோது நீல விளக்கு போட்ட அலமாரி மாதிரித்தான் இருந்தது. படங்களில் மிதக்கிற அந்த நீலப் பரப்பு வரவேயில்லை. "இது விளக்கு வேலை. மேடையில் தினமும் செய்கிறார்கள். இதில் கலை எங்கே?" என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். எங்கே தவறினோம்? அவர் சொல்வது சரியா?

ம.

அன்புள்ள ம.,

பேராசிரியரின் கேள்விக்கும் உங்கள் பிளைவுட் சுவரிலேயே பதில் இருக்கிறது. அதனால் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் தவறு விளிம்பு. திறப்பைச் சுற்றி 18 மி.மீ. தடிமன் அப்படியே நின்றிருக்கும். உள்ளிருந்து வரும் நீலம் அந்தத் தடிமனில் பட்டு, பளிச்சென்ற ஒரு கோடாகத் தெரிந்திருக்கும். அந்தக் கோடு ஒன்று போதும்: இது பலகை, இது ஓட்டை, பின்னால் ஒரு அறை என்று கண் முடிவு கட்டிவிடும். டரெலின் சுவர்களில் விளிம்பு பின்பக்கமாகச் சரித்து எடுக்கப்பட்டுக் கத்தி முனையாக முடிகிறது. முன்னால் நிற்பவருக்குச் சுவரின் தடிமன் தெரியாது. தடிமன் தெரியாதபோது திறப்பும் சுவரின் தளத்திலேயே ஒட்டிய ஒரு நிறப் பரப்பாகிவிடுகிறது.

உங்கள் பலகையில் இதைச் செய்ய, திறப்பைச் சுற்றிப் பின்பக்கம் 3 அங்குல அகலத்துக்கு இழைத்து, 18 மி.மீ.யை நுனியில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும். 45 டிகிரி சரிவு போதாது. ஓரமாக ஒதுங்கி நிற்பவருக்கு எதிர்ப்பக்கச் சரிவு தெரிந்துவிடும். பிளைவுட்டின் நுனி சிலும்பும் என்பதால் முன்பக்கம் மெல்லிய அலுமினியத் தகட்டை ஒட்டி, தகடும் பலகையும் சேரும் இடத்தில் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, மொத்தச் சுவரையும் ஒன்றாகப் பூசுங்கள். வேலையில் பாதி நேரம் இந்த விளிம்புக்கே போகும், போகட்டும்.

இரண்டாவது, பின்னறையின் அகலம். திறப்பின் அகலமே அறைக்கும் இருந்ததால் பக்கச் சுவர்களும் மூலைகளும் நேராகக் கண்ணில் விழுந்திருக்கும். இதற்கு எளிய கணக்கு உண்டு. திறப்பின் வலது விளிம்புக்கு நேரே, சுவரிலிருந்து 6 அடி தள்ளி ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். 6 அடி அகலத் திறப்பின் இடது விளிம்பைத் தாண்டிப் போகும் அவர் பார்வை, 3 அடி ஆழத்தில் பின்சுவரைத் தொடும்போது இன்னும் 3 அடி இடப்பக்கம் நகர்ந்திருக்கும். அதாவது இருபுறமும் 3 அடிக்கு மேல் அறை நீள வேண்டும். பார்ப்பவரை 12 அடி தள்ளி நிறுத்தினால் ஒன்றரை அடி போதும். இடம் இல்லையென்றால் தரையில் ஒரு கோடு போட்டுக் கூட்டத்தைப் பின்னால் நிறுத்துவதுதான் மலிவான வழி. மேலும் கீழும் இதே கணக்குதான். மிச்சமிருக்கும் மூலைகளை வளையக்கூடிய மெல்லிய தகட்டால் ஓரடி ஆரத்தில் உருட்டிவிடுங்கள். மூலையில் நிழல் விழுந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

விளக்கு மேலே மட்டும் இருந்ததால் மேல்பாதி பிரகாசமாகவும் கீழ்பாதி மங்கலாகவும் ஆகியிருக்கும். பட்டைகளை முன்சுவரின் முதுகில், திறப்பின் நான்கு பக்கமும் ஓரடி தள்ளி, பக்கச் சுவர்களைப் பார்க்கத் திருப்பி ஒட்டுங்கள். ஒரு முறையாவது சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியே கண்ணுக்கு வர வேண்டும். மங்க வைக்க மலிவான டிம்மரை நம்பாதீர்கள். அது விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதால், தலையைத் திருப்பும்போது ஒளி விட்டுவிட்டுத் தெரியும். பட்டையின் முன் டிரேசிங் தாளை அடுக்குவது மேல். உள்ளே எனாமல் பூச வேண்டாம், அதன் பளபளப்பில் விளக்கின் வடிவம் அப்படியே தெரியும். மேட் எமல்ஷன்தான் சரி.

அடுத்தது நீங்கள் கேட்காத விஷயம்: வெளியறையை முழு இருட்டாக விட்டிருக்கிறீர்கள். முழு இருட்டில் எந்தத் திறப்பும் விளக்கெரியும் ஜன்னல்தான். டரெலின் இந்த வகைப் படைப்புகளில் பார்ப்பவர் நிற்கும் அறையிலும் மங்கலான மஞ்சள் வெளிச்சம் உண்டு. அது பக்கச் சுவர்களில் பட்டு, திறப்புள்ள சுவருக்கு லேசாக வந்து சேர்கிறது. சுவரின் பிரகாசமும் திறப்பின் பிரகாசமும் நெருங்கி வரும் ஒரு புள்ளியில் ஆழம் சட்டென்று மறையும். ஒருவர் திறப்பையே பார்த்தபடி நிற்க, இன்னொருவர் வெளி விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம். வெளியே மஞ்சள் இருப்பதால் உள்ளே நீலமும் கூடுதல் நீலமாகத் தெரியும்.

அந்தப் புள்ளி கிடைத்தால் திறப்பு திடமான பரப்பாகவே தோன்றும் என்பதை மறக்காதீர்கள். 1980இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் டரெலின் கண்காட்சி நடந்தபோது, இல்லாத சுவரை இருப்பதாக நம்பிச் சாய்ந்த ஒரு பார்வையாளர் விழுந்து அடிபட்டு வழக்கே போட்டார். திறப்பின் கீழ்விளிம்பைத் தரையிலிருந்து இரண்டரை அடிக்குக் கீழே கொண்டுவராதீர்கள்.

கடைசியாக, நேரம். வெயிலிலிருந்து வரும் கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் இருளுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். மங்கலில் பார்க்க உதவும் குச்சி செல்களுக்கு அரை மணி. பிட்ஸ்பர்க்கின் மேட்ரஸ் ஃபேக்டரி அருங்காட்சியகத்தில் டரெல் 1983இல் செய்த 'பிளையடிஸ்' இருட்டறையில் கால் மணி நேரமாவது உட்கார்ந்தால்தான் எதுவும் தெரியத் தொடங்கும். விழாக் கூட்டத்தை நிமிடத்துக்கு ஐந்து பேராக உள்ளே விட்டால் யாருக்கும் ஒன்றும் நடக்காது. ஒரு திருப்பம் வைத்த இருண்ட நடைபாதை, உள்ளே பெஞ்சு, கைபேசிகள் வெளியே. கைபேசிக் கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்துவிடுவதால், படத்தில் தெரியும் நீலமும் அறையில் தெரிந்த நீலமும் வேறு வேறு. நீங்கள் படங்களை வைத்து வேலையைத் தொடங்கியதே சிக்கலின் ஒரு பகுதி.

இனி பேராசிரியருக்கு. மேடை ஒளி ஒன்றைக் காட்டுவதற்காகப் போடப்படுகிறது: நடிகர் முகம், அரங்கப் பொருள். மேலே சொன்ன ஒவ்வொரு வேலையும் காட்டுவதற்கு எதுவுமில்லாமல் ஆக்கும் வேலை. தடிமன் போகிறது, மூலை போகிறது, விளக்கு போகிறது. மிஞ்சுவது பார்ப்பவரின் கண் பரப்பையும் தூரத்தையும் தானே கட்டி எழுப்பிக்கொண்டிருக்கும் வேலை மட்டும். அதை அவரே கவனிக்கும்படி செய்கிறார்கள். இது கலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை இந்த இயக்கத்தினர் குருட்டாம்போக்கில் கண்டுபிடிக்கவில்லை. டரெல் பொமோனா கல்லூரியில் உளவியல் படித்தவர். 1968இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி அருங்காட்சியகத்தின் 'கலையும் தொழில்நுட்பமும்' திட்டத்தில் அவரும் அதே இயக்கத்தின் இன்னொரு கலைஞரான ராபர்ட் இர்வினும், காரெட் நிறுவனத்தில் விண்வெளிப் பயணத்துக்கான உளவியல் ஆய்வுகள் செய்துவந்த எட் வொர்ட்ஸோடு சேர்ந்தார்கள். எதிரொலியில்லாத அறைகளில் நேரம் கழித்தார்கள். 'கான்ட்ஃபெல்ட்' எனப்படும், விளிம்பே இல்லாத சீரான ஒளிப்புலத்தைச் சோதித்தார்கள். பார்வை நரம்புகள் மாற்றத்துக்குத்தான் பதில் சொல்லும். விளிம்பும் அசைவும் இல்லாவிட்டால் எவ்வளவு அழுத்தமான நிறமும் சில நிமிடங்களில் சாம்பலாக வெளுத்துவிடும். 1969இல் டரெல் விலகிக்கொண்டார், திட்டத்திலிருந்து பொருளாக எதுவும் வரவில்லை. ஆனால் பின்னாளில் இருவரும் செய்தவற்றுக்கு அங்கே வேர் இருக்கிறது.

இயக்கத்தில் பொருள் செய்தவர்களும் உண்டு. டி வெய்ன் வாலண்டைன் 1966இல் ஹேஸ்டிங்ஸ் பிளாஸ்டிக்ஸோடு சேர்ந்து, கனமாக ஊற்றினாலும் சூட்டில் விரிசல் விடாத பாலியெஸ்டர் ரெசினை உருவாக்கி, 12 அடி உயர, 3,500 பவுண்டு எடையுள்ள தூண்வரை போனார். மேரி கோர்ஸ் நெடுஞ்சாலைக் கோடுகளில் போடும் கண்ணாடி நுண்மணிகளை ஓவியத்தில் கலந்தார். நாம் நகர்ந்தால் ஓவியமும் மாறும்.

ஆனால் அடுத்த விழாவுக்கு உங்களுக்கு நான் சொல்வது இர்வின் 1977இல் விட்னியின் நான்காம் தளத்தில் செய்ததை. ஒரு விளக்குகூட இல்லை, ஜன்னல் வெளிச்சம் மட்டும். சுமார் 114 அடி நீள வெள்ளை வலைத்துணி கூரையிலிருந்து ஐந்தரை அடி உயரம்வரை இறங்கியது. அதன் அடியில் கறுப்பு அலுமினியச் சட்டம், அதே மட்டத்தில் அறைச் சுவர்களைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான். துணி சில இடத்தில் சுவராகவும் சில இடத்தில் புகையாகவும் தெரியும், வெளியே மேகம் நகர்ந்தால் அறையும் மாறும். டரெலின் பிற்கால வண்ண அறைகளைவிட இது பெரிய படைப்பு என்பது என் எண்ணம்.

நல்ல ஜன்னல் உள்ள வகுப்பறை ஒன்று போதும். பார்ப்பவர் பக்கத்திலிருந்து ஒளி பட்டால் துணி திடமாகும், பின்னாலிருந்து பட்டால் மறையும். ஆகவே ஜன்னலுக்குச் செங்குத்தாகக் கட்டுங்கள். இரண்டு தன்மையும் ஒரே துணியில் கிடைக்கும். நடுவில் தையல் வரக்கூடாது, அகலத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். நீலம் போட்ட பளிச் வெள்ளை வேண்டாம், பகல் ஒளியில் துணி தனியாக மின்னித் துருத்திக்கொண்டு நிற்கும். கீழ்ச்சட்டத்தின் எடையில் துணி தொய்யும் என்பதால் மாட்டி ஒருநாள் தொங்கவிட்டு, பிறகு ரசமட்டம் வைத்துச் சுவர்க்கோட்டை வரையுங்கள். கோடும் சட்டமும் அரை அங்குலம் பிசகினாலும் கண் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அறையின் அளவையும் ஜன்னல் பார்க்கும் திசையையும் எழுதி அனுப்புங்கள், துணியை எங்கே மாட்டலாம் என்று சொல்கிறேன்.