மகள் மானுடவியல் படிக்கிறேன் என்கிறாள், சேர்த்துவிடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள் பி.காம். வேண்டாம், மானுடவியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், சொந்தக்காரர்கள் எல்லாரும் "அது என்ன படிப்பு, சோறு போடுமா" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனிதர்களின் உடலையும் வாழ்க்கை முறையையும் ஆராயும் படிப்பு அது. சோறு போடும். ஆனால் மூன்று வருஷத்தில் போடாது, ஐந்து வருஷம் ஆகும். அதுவரை வீடு தாங்குமா என்பதைத்தான் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

இந்தத் துறை வேலைகளுக்குப் பெரும்பாலும் முதுகலை வேண்டும். 1945-ல் தொடங்கிய மத்திய அரசின் மானுடவியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, தலைமையகம் கொல்கத்தா, நமக்குப் பக்கத்தில் மைசூரில் ஒரு மண்டல மையம். அருங்காட்சியகங்கள், பழங்குடியினர் ஆய்வு மையங்கள், கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதிக் கல்லூரி ஆசிரியர் பணி, அப்புறம் தொண்டு நிறுவனங்கள், சுகாதாரத் திட்டங்கள். 2013-ல் வந்த நிலம் எடுப்புச் சட்டம், ஊர் மக்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொல்கிறது, அந்த வேலைக்கும் இவர்கள் தேவை. செல்போன் ஆப் செய்யும் கம்பெனிகள்கூட மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்துச் சொல்ல ஆள் வைக்கின்றன. எங்கேயும் கும்பலாக ஆள் எடுக்க மாட்டார்கள், தேடித்தான் போக வேண்டும். பி.எட். முடித்து அரசுப் பள்ளி டீச்சர் ஆகிவிடலாம் என்ற கணக்கும் சரிவராது, ஏனென்றால் பள்ளியில் இந்தப் பாடமே இல்லை.

கலெக்டர் ஆவதற்காக இதைப் படிக்கிறாளா என்றும் கேளுங்கள். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் மானுடவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மதிப்பெண். அதற்கு இந்தப் பட்டம் தேவையில்லை, எந்தப் பட்டதாரியும் எடுக்கலாம்.

படிப்பு என்னவோ உண்மையிலேயே அருமையான படிப்பு. மனித உடல், பரம்பரை, பழங்காலக் கருவிகள், மொழி, குடும்பம், சாமி, சந்தை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வரும். எண்ணூரில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் கரையோரம் திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த ஒரு வகைக் கற்கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகள் பழையவை என்று 2018-ல் ஆய்வு வெளியானது. உங்கள் மகள் வளர்ந்த இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு பாடம் இருக்கிறது.

இவளுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அனுப்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், வலையைச் சரிபார்த்துக்கொண்டும் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் இருப்பவர்களுக்குப் பேசக் கொஞ்சம் நேரம் இருக்கும். சின்னப் படகில் வரும் மீனை யார் ஏலம் கூறுகிறார்கள், கூடை எடுக்கும் அம்மாவுக்கு முதல் எங்கிருந்து வருகிறது, வட்டி எவ்வளவு, மிஞ்சிய மீனை என்ன செய்கிறார்கள், இந்த இரண்டு மாதம் வீடு எப்படி ஓடுகிறது? கேட்டு, பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கவனித்து, ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்டில் பத்துப் பக்கம் எழுதட்டும். மறுநாள் அதே அம்மாவிடம் போய் "நேற்று நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் புரியவில்லை" என்று மறுபடி உட்கார முடிகிறதா பாருங்கள். வெயிலும் கவிச்சியும் தாங்காமல் இரண்டாம் நாளே சலித்துவிட்டால், இவளுக்குப் பிடித்தது அந்தப் பாடத்தின் பெயர் மட்டும்தான் என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்தும் போகிறாள் என்றால் தயவுசெய்து தடுக்காதீர்கள், அந்தப் பொறுமையைக் கல்லூரியில் சொல்லித்தர முடியாது.

இனி எங்கே படிப்பது? நம் ஊரில் இளநிலையில் இதைத் தனிப்பாடமாக நடத்தும் கல்லூரி கிடைப்பது கஷ்டம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. ஆனர்ஸ் இருக்கிறது, அதற்கு க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும், பிளஸ் டூவில் அறிவியல் பாடம் கேட்பார்கள், ஹாஸ்டல் செலவு வேறு. இக்னோ என்ற இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் படிக்கலாம், செய்முறை வகுப்பு எங்கே நடக்கும் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எனக்குச் சரியாகப் படுவது மூன்றாவது வழி. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. வரலாறோ பொருளாதாரமோ விலங்கியலோ, பிடித்ததில் சேரட்டும். கூடவே புள்ளியியலும் நல்ல ஆங்கிலமும் கற்றுக்கொள்ளட்டும். அப்புறம் எம்.ஏ. மானுடவியல். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே துறை இருக்கிறது, புதுச்சேரியிலும் ஹைதராபாத்திலும் மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வேறு பட்டம் படித்தவர்களையும் இந்த எம்.ஏ.வில் பரவலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், விண்ணப்பிக்கும் வருஷத்து விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வீட்டில் பணமுடை வந்தாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும், வங்கித் தேர்வோ குரூப் தேர்வோ எழுதலாம்.

க்யூட்டுக்கு விண்ணப்பித்தாளா, பிளஸ் டூவில் என்ன குரூப் என்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டும் தெரிந்தால் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் என்று பெயரோடு சொல்கிறேன்.