சமவெளியில் சாயங்காலம் - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் புல்வெளிச் சிற்றூர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அஸ்தமனத்துக்கு மட்டும் நான்கு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். நான் சென்னைக்காரன், வேலை காரணமாக இப்போது சஸ்காச்சுவான் மாகாணத்தின் ரெஜைனாவில் இருக்கிறேன். போன ஜூலையில் குடும்பத்தோடு சஸ்கடூனுக்குக் காரில் போனோம். காலை பத்து மணிக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். வழி நெடுக ஒன்றுமே இல்லை. மலை இல்லை, மேடு இல்லை, ரோட்டில் ஒரு வளைவுகூட இல்லை. காபிக்கு நிறுத்திய ஊரில் இருந்தது ஒரே ஒரு கடைத்தெரு. கடலும் மலையும் இல்லாத இடத்தில் சூரியன் மறைவதில் பார்க்க என்ன இருக்கிறது? நிலத்தில் இல்லாததை எழுத்தில் இட்டு நிரப்புகிறீர்களோ என்று தோன்றியது. தவறாக நினைக்க வேண்டாம்.

எம்.

அன்புள்ள எம்.,

தவறாக நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் போன நேரம் சரியில்லை. அந்த நிலத்தைப் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வெயில் மேலிருந்து விழும்போது நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். நிழல் இல்லாவிட்டால் மேடு ஏது, பள்ளம் ஏது? அதே சூரியன் அடிவானத்துக்கு ஒரு பாகை உயரத்தில் நிற்கும்போது போய்ப் பாருங்கள். ஆளுயரத்தைச் சற்றே தாண்டும் இரண்டு மீட்டர் மேடு நூறு மீட்டருக்கு மேல் நிழல் நீட்டும். காலையில் இஸ்திரி போட்டதுபோல் கிடந்த வயல் முழுக்க மடிப்பு மடிப்பாக எழுந்து வரும்.

ரெஜைனாவைச் சுற்றிய நிலம் தட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது ஒரு ஏரியின் அடித்தரை. பனியுகம் முடிந்தபோது உருகிய நீர் அங்கே தேங்கி நின்று களிமண்ணைப் படியவிட்டுப் போனது. அதைத் தாண்டினால், மண்ணுக்குள் புதைந்துகிடந்த பனிக்கட்டிகள் உருகி உண்டான குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 'ஸ்லூ' என்பார்கள். பகலில் அவை வெறும் நாணல் திட்டுகள். பொழுது சாய்ந்து தரை இருட்டிய பிறகு, வானத்து வெளிச்சம் தண்ணீரில் மட்டும் தங்கி நிற்கும்போதுதான் எத்தனை குழிகள் என்று தெரியும்.

இனி, அந்த ஒரே ஒரு கடைத்தெருவுக்கு வருகிறேன். அங்கே ஊர் உண்டாகி அதற்கு ரயில் வரவில்லை. ரயில் வந்து, அது நின்ற இடங்களில் ஊர் முளைத்தது. கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில் கம்பெனி 1907-08 வாக்கில் சஸ்காச்சுவானுக்குள் பாதை போட்டபோது நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனது. செமன்ஸ், டேட் என்று வந்து, கடைசியில் வென், வாட்ரஸ், எக்ஸில் தொடங்கும் ஸீனா, யங், ஸெல்மா. இஸட்டைத் தொட்டதும் மறுபடி ஆலன், பிராட்வெல், கிளாவெட். பெயர் வைக்க உட்கார்ந்தவருக்குச் சலிப்புத் தட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த நிலையங்கள் பெரும்பாலும் எட்டுப் பத்து மைலுக்கு ஒன்று. கோதுமை ஏற்றிய குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும், கணக்கு அவ்வளவுதான். தண்டவாளத்தின் ஓரத்தில் எலிவேட்டர் எனப்படும் மரத்தாலான தானியக் கோபுரங்கள். வண்டியை எடை போட்டு, தானியத்தைக் குழியில் கொட்டி, கிண்ணங்கள் கோத்த பட்டையால் உச்சிக்கு ஏற்றுவார்கள். அங்கிருந்து தன் எடையாலேயே அறைகளுக்கும் ரயில் பெட்டிகளுக்கும் இறங்கும். நிலையத்துக்கு எதிரே தண்டவாளத்துக்குச் செங்குத்தாக ஒரு கடைத்தெரு. நீங்கள் காபி குடித்த தெரு அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும்.

ஏறத்தாழ 25 மீட்டர் உயரமுள்ள ஒரு எலிவேட்டரைத் தரையில் நிற்பவர் சுமார் 22 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கலாம். பூமியின் வளைவு அதற்கு இடம் கொடுக்கிறது. எட்டுப் பத்து மைல் என்பது 13 முதல் 16 கிலோமீட்டர். ஆக, ஒவ்வோர் ஊரிலிருந்தும் அடுத்த ஊர் தெரிந்தது. சூரியன் தெருவில் மறைந்த பிறகும் கோபுரத்தின் உச்சியில் வெயில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் நிற்கும். கிழக்கே இருக்கும் அடுத்த ஊரின் கோபுரத்திலும் வெயில் மங்குவதை இங்கிருந்தே பார்க்கலாம். அந்தக் கோபுரங்கள் இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். தானியம் கொண்டுபோகும் ரயில் கட்டணத்துக்கு அரசு கொடுத்துவந்த மானியம் 1995இல் நின்றது. கிளைப் பாதைகளைப் பெயர்த்தார்கள், கோபுரங்களை வரிசையாக இடித்தார்கள். ஃபிளெமிங் ஊரில் 1895இல் கட்டிய பழைய கோபுரம் ஒன்று தப்பிப் பிழைத்து நின்றது. 2010இல் யாரோ தீ வைத்து அதுவும் போயிற்று.

ரோடு வளையவில்லை என்றீர்கள். வளையாமல் இருப்பதற்காகவே போட்ட ரோடுகள் அவை. 1871இல் நில அளவை தொடங்கியது. துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை பிடித்து, மைலுக்கு மைல் சதுரம் கிழித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டப்படி, சதுரத்தின் கால் பங்கான 160 ஏக்கரைப் பத்து டாலர் கட்டணத்துக்குக் குடியேறுபவருக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே அந்த நிலத்தில் பாதை இருந்தது. பூர்வகுடிகளான கிரீ மக்களும், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மெட்டி வண்டிக்காரர்களும் போய்வந்த கார்ல்டன் தடம் டச்வுட் குன்றுகள் வழியாகக் குறுக்காக ஓடியது. சதுரங்கள் அதைத் துண்டுதுண்டாக வெட்டிவிட்டன. உருண்டை பூமியில் சதுரம் பொருந்தாது என்பதால் 24 மைலுக்கு ஒருமுறை திருத்தக் கோடு போட்டார்கள். நேராக வடக்கே போகும் மண் ரோடு அங்கே திடீரென்று பக்கவாட்டில் ஒதுங்கி மறுபடி வடக்கே போகும். நீங்கள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கவில்லை, அதனால் பட்டிருக்காது.

அஸ்தமனத்துக்கும் இந்தச் சதுரங்களுக்கும் உறவு உண்டு. மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் சூரியன் சரியாக மேற்கே, கிழமேல் ரோட்டின் நுனியிலேயே இறங்கும். வண்டி ஓட்டுபவர்களுக்கு அது கண் கூசும் வாரம். ஜூனில் மேற்கிலிருந்து 40 பாகை வடக்கே தள்ளிப்போய், வீட்டின் வடபக்கச் சுவரில் வெயில் அடிக்கும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. சென்னையில் இந்த ஊசலாட்டம் பக்கத்துக்கு 24 பாகைதான். சாய்வாக இறங்குவதால் ஜூனில் சூரிய வட்டம் மறைந்து முடிய நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். சென்னையில் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். போதாததற்கு, சஸ்காச்சுவான் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் வருடம் முழுக்க மத்திய நேரத்தையே வைத்திருக்கிறது. கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. வாட்ரஸில் ஜூன் கடைசியில் அஸ்தமனம் இரவு ஒன்பதேகாலைத் தாண்டும். பிள்ளைகளைத் தூங்கவைக்கப் படும் பாட்டை நீங்களே அறிவீர்கள்.

நான்கு பத்தி எழுதியதற்கு உண்மையான காரணம் மேற்கு அல்ல, கிழக்கு. எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பி நில்லுங்கள். அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலப் பட்டை, அதன்மேல் இளஞ்சிவப்பு. அந்த நீலம் பூமியின் நிழல். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வரும். வீடும் மரமும் மறைக்கும் ஊர்களில் அதைப் பார்ப்பதற்கு வழியே இல்லை. அந்தச் சமவெளியில் கடைத்தெருவின் முனையில் நின்றாலே போதும்.

நன்றாக இருட்டிய பிறகு பண்ணைக்கு ஒரு முற்றத்து விளக்கு தெரியும். ஒரு காலத்தில் மைலுக்கு இரண்டு மூன்று குடும்பம் இருந்த இடத்தில் இன்று பல மைலுக்கு ஒரு விளக்கு. ஊர் எப்படிக் காலியானது என்று யாரும் சொல்ல வேண்டாம். செப்டம்பர் என்றால் அறுவடை இயந்திரங்களின் விளக்குகளும் நகரும். பனி இறங்கிக் கதிர்த்தாள் ஈரமாகும்வரை நிறுத்த மாட்டார்கள்.

அடுத்த முறை 11ஆம் எண் சாலையை விட்டுவிட்டு 2ஆம் எண் சாலையில் யங், வாட்ரஸ் வழியாக வாருங்கள். சாயங்காலம் வாட்ரஸில் இருப்பதுபோல் கிளம்புங்கள். பக்கத்திலேயே லிட்டில் மானிட்டூ உப்பேரி இருக்கிறது, பிள்ளைகள் அதில் மிதந்து விளையாடுவார்கள். கொசு மருந்து அவசியம். திரும்பும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், பொழுது மங்கும் வேளையில்தான் மான்கள் ரோட்டுக்கு வரும்.