கேள்வி பதில்: லைப்ரரியை நீக்கினாலும் போகாத குறியாக்கம்

கேள்வி: 1990களில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் டிஇஎஸ் என்ற குறியாக்க முறையை, அமெரிக்க ஏற்றுமதித் தடை காரணமாக, தனிப் பொதியாகத்தான் கொடுத்தார்களாம். ஒரு லைப்ரரியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, அப்புறம் இனிட் (சிஸ்டம் எழும்போது ஓடும் முதல் நிரல்), எட் (எழுத்துத் திருத்தி) போன்ற நிரல்கள் ஏன் தலைவலியாகின?

பதில்: லைப்ரரியை எடுத்தால் போதும் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஷேர்டு லைப்ரரியைத் தேடிப் போகும் நிரல்களுக்குத்தான் பொருந்தும். பாஸ்வேர்ட் கேட்கும் லாகின், சூ நிரல்கள் எல்லாம் ஓடத் தொடங்கும்போதுதான், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் லிப்கிரிப்ட் என்ற லைப்ரரியைத் தேடும். அந்தப் பெயரே வேறொரு ஃபைலைச் சுட்டும் சிம்லிங்க்தான், அதை டிஇஎஸ் பக்கமோ இன்னொரு பாஸ்வேர்ட் முறையான எம்டி5 பக்கமோ திருப்பினால் நிரலில் ஒரு பைட்டைக்கூடத் தொட வேண்டாம், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஸ்டாட்டிக் லிங்க்கில் இது நடக்காது, நிரலைக் கட்டும்போதே தேவையான கோடை லிங்க்கர் பைனரிக்குள்ளேயே (ஓடும் ஃபைலுக்குள்ளேயே) நகலெடுத்து வைத்துவிடுகிறது, பிறகு லைப்ரரியை அழித்தாலும் அந்த நகல் உள்ளேதான் இருக்கும்.

இனிட், எட் இரண்டும் அப்போது ஸ்டாட்டிக். ஷேர்டு லைப்ரரிகள் வட்டின் யூஎஸ்ஆர் பகுதியில் இருந்தன, சிஸ்டம் எழும்போது அந்தப் பகுதி மவுண்ட் ஆகியிருக்காது, அதாவது இணைக்கப்பட்டிருக்காது என்பதுதான் காரணம். எட்டில் ஃபைலைக் குறியாக்க ஒரு ஆப்ஷன் இருந்தது, அதை விட்டுவிட்டால் பெரிய நஷ்டமில்லை. இனிட் அப்படியில்லை. கன்சோல் பாதுகாப்பற்றது என்று குறித்திருந்தால் பழுதுபார்க்க உதவும் சிங்கிள் யூசர் மோடில் அது ரூட் பாஸ்வேர்ட் கேட்கும். பாஸ்வேர்ட் டிஇஎஸ் முறையில் பதிவாகியிருந்து, இனிட்டுக்குள் எம்டி5 மட்டும் இருந்தால் என்ன ஆகும்? சிஸ்டம் பழுதாகி நிற்கும் நேரத்தில், சரியான பாஸ்வேர்டைத் தட்டினாலும் உள்ளே விடாது.

டிஇஎஸ் உள்ள பைனரியையே எல்லோருக்கும் தரவும் வழியில்லை. 1996 இறுதிவரை அமெரிக்கச் சட்டம் குறியாக்க மென்பொருளை ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது, அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எம்டி5 பாஸ்வேர்டைச் சரிபார்க்க மட்டுமே உதவும், எதையும் குறியாக்கித் திருப்பித் தராது என்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை. ஆக, அந்த இரண்டு நிரல்களுக்கும் டிஇஎஸ் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று தனித்தனி பைனரி வேண்டும்.

கேள்வி: சட்டம்தான் தளர்ந்துவிட்டதே, இன்னும் குறியாக்கத்தை நிரலிலிருந்து பிரித்து வைக்க வேண்டுமா?

பதில்: 2000 ஜனவரியில் நன்றாகவே தளர்ந்தது. ஆனாலும் வேண்டும் என்பேன், இப்போது காரணம் வேறு. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது ஷேர்டு ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் நிரல்களை மறுபடி தொடங்கினால் அடைபட்டது. பழுதான 1.0.1 வரிசைப் பதிப்பைத் தனக்குள் வைத்திருந்த ஸ்டாட்டிக் பைனரி, மறுபடி லிங்க் செய்யும்வரை ஓட்டையோடுதான் இருக்கும். ஃப்ரீபிஎஸ்டி 2004இல் வந்த 5.2 பதிப்பிலேயே பெரும்பாலான அடிப்படை நிரல்களை ஷேர்டு லைப்ரரியைத் தேடும் டைனமிக் வகையாக்கி, அவசரத்துக்கான ஸ்டாட்டிக் நிரல்களை ரெஸ்க்யூ என்ற தனி இடத்தில் வைத்துவிட்டது. உங்கள் பைனரி எந்த வகை என்று ஃபைல் கட்டளையே சொல்லும். ஸ்டாட்டிக் என்று வந்தால், பைனரிக்குள் உள்ள எழுத்துகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையையும் ஓட்டுங்கள், உள்ளே ஓப்பன்எஸ்எஸ்எல் இருந்தால் பெரும்பாலும் அதன் பதிப்பு எண்ணும் கண்ணில் படும்.