பிஆர் வேலைக்குப் போனால் கேஸ் வருமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. மகள் இதழியல், மக்கள் தொடர்பு (பிஆர்) முதுகலையில் சேர்ந்தால் நாளைக்குக் கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டிவருமோ என்பது ஒன்று. "பிஆர் என்றால் காசு உள்ளவனுக்காகப் பொய் சொல்கிற வேலைதானே" என்று உங்கள் அண்ணன் சொன்னது இன்னொன்று. முதல் பயத்தைப் பெருமளவு குறைத்துவிடலாம். அண்ணன் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

அவதூறு வழக்கு போட்டால் மறுநாளே போலீஸ் வாசலில் வந்து நிற்கும் என்று நினைக்கிறீர்கள். அப்படி நடக்காது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐபிசிக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 356வது பிரிவுதான் அவதூறு. அதிகபட்சம் 2 ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பெயர் கெட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்துத்தான் வழக்கைத் தொடங்க வேண்டும். போலீஸ் தானாக வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது, ஜாமீனில் வரக்கூடிய குற்றமும்கூட. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், முந்தைய ஆண்டுகளில் தமிழக அரசு பத்திரிகை ஆசிரியர்கள் மீது தொடுத்திருந்த பல அவதூறு வழக்குகளை மொத்தமாக ரத்து செய்தது. ஆனால் அதற்காக ஆசிரியர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இந்த வேலையில் பாதித் தண்டனை வாய்தாவிலேயே கழிந்துவிடும்.

மாணவர்கள் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. "உண்மையைத்தானே எழுதினேன்" என்றால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். குற்றவியல் அவதூறில் உண்மை மட்டும் போதாது, அது பொது நன்மைக்காக வெளியிடப்பட்டது என்றும் காட்ட வேண்டும். இந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது, நீக்குங்கள் என்று கேட்டுப் போனபோது, 2016ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றே சொல்லிவிட்டது.

உங்கள் மகள் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் முழுசாகப் படிப்பாள் என்றால் 1994ல் வந்த ராஜகோபால் வழக்கைப் படிக்கச் சொல்லுங்கள். தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடவிருந்தது. சில அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அதில் வருகிறது என்று பேச்சு. சிறைத்துறை அதைத் தடுக்கப் பார்த்தது. ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் கிடையாது, வந்தபிறகு வேண்டுமானால் வழக்குப் போடலாம் என்றது உச்ச நீதிமன்றம். நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரின் சம்மதம் இல்லாமலே எழுதலாம், அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் சம்மதம் வேண்டும் என்றும் கோடு போட்டது. அதிகாரியின் அலுவல் பணி பற்றி எழுதியதில் பிழை இருந்தாலும், நியாயமான அளவுக்குச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினேன் என்று காட்டினால் நிருபருக்குப் பாதுகாப்பு உண்டு. நோட்டுப் புத்தகத்தையும் ரெக்கார்டிங்கையும் தூக்கிப் போடாத பழக்கம் இங்கேதான் கைகொடுக்கிறது. யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன கேட்டேன் என்று எழுதி வைத்திருப்பவரின் வழக்கு பாதி வென்ற வழக்கு.

அதே தீர்ப்பு ஒரு விலக்கும் சொன்னது. பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயர் கோர்ட் ஆவணத்திலேயே இருந்தாலும் ஊடகத்தில் வரக்கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் விழுகிற குழி இதுதான். மந்திரி மீதான ஊழல் செய்தியை முதல் வருஷ நிருபரிடம் யாரும் கொடுப்பதில்லை. ஸ்டேஷனிலிருந்து வரும் நாலு வரித் தகவலைத்தான் கொடுப்பார்கள். பெயரைப் போடவில்லை, சரி. ஆனால் தெருப் பெயர், பள்ளிப் பெயர், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் போட்டால் ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு குழந்தையின் பெயரோடு முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே தடுக்கிறது. தண்டனை 6 மாதத்திலிருந்து 1 ஆண்டு வரை. வயதுவந்த பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால் நியாய சன்ஹிதாவின் 72வது பிரிவில் 2 ஆண்டு வரை. மற்ற சேனல் போட்டுவிட்டதே என்ற சமாதானம் எடுபடாது.

சரி, பிஆருக்கு வருவோம். உங்கள் அண்ணனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். பெல் பாட்டிங்கர் என்று லண்டனில் பெரிய பிஆர் நிறுவனம் ஒன்று இருந்தது. தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்கு மாதம் 1 லட்சம் பவுண்டு கட்டணத்தில் வேலை செய்தது. அந்தக் குடும்பத்தின் மீது ஊழல் புகார்கள் குவிந்த நேரத்தில், கவனத்தைத் திசைதிருப்ப 'வெள்ளையரின் ஏகபோக மூலதனம்' என்ற கோபத்தை ஊதிப் பெரிதாக்கும் பிரசாரம் நடந்தது. ஏற்கெனவே நிறவெறியின் காயம் ஆறாத நாடு அது. 2017 செப்டம்பரில் பிரிட்டனின் பிஆர் தொழில் சங்கம் அந்த நிறுவனத்தை 5 ஆண்டுக்கு வெளியேற்றியது. கிளையன்ட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், சில நாட்களிலேயே கம்பெனி திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. எந்த நீதிபதியும் அதை மூடச் சொல்லவில்லை.

நம் ஊரில் பிஆர் செய்ய லைசென்ஸ் எதுவும் வேண்டாம். 1958ல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்புச் சங்கத்துக்கு நெறிமுறை உண்டு, ஆனால் அது உறுப்பினர்களுக்குத்தான். பத்திரிகைகளின் நடத்தையைக் கவனிக்கும் பிரஸ் கவுன்சிலும் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. டிவி அதன் எல்லைக்குள்ளேயே வராது. அதனால் பிஆரில் நெறி என்பது பெரும்பாலும் உங்கள் மகளின் மேஜையிலேயே தீர்மானமாகிற விஷயம்.

உதாரணம் சொல்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி ஒன்றின் காலாண்டு முடிவு வெளியாகும் முன்பே, பிரஸ் ரிலீஸ் எழுதுகிறவரின் கம்ப்யூட்டரில் லாபக் கணக்கு உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து மாமாவிடம் "அந்த ஷேரை வாங்கி வைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 விதிகளின்படி உள்தகவல் குற்றம். அபராதம் குறைந்தது 10 லட்சம், மேலே 25 கோடி அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். பல மாணவர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

மருந்து விளம்பரமும் அப்படித்தான். 'சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும்' என்று கிளையன்ட் கேட்கிறபடி எழுதிக் கொடுத்தால், 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டம் வெளியீட்டில் எந்த வகையிலும் பங்கெடுத்தவரையும் பிடிக்கும். கம்பெனி முதலாளி மட்டும் மாட்டுவார் என்று நினைக்க வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழும் இன்ஸ்டா பிரபலம், அது காசுக்காக என்று சொல்லியாக வேண்டும். பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அப்புறம் கூகுளில் கிடைத்த போட்டோவை எடுத்துப் போடுவது. 'நன்றி: இணையம்' என்று போட்டால் பதிப்புரிமைப் பிரச்சினை தீராது.

பிரஸ் மீட் முடிந்ததும் நீட்டப்படும் 'கவர்' பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் செலவுக்கு என்பார்கள். நிருபரானால் வாங்க வேண்டிவரும், பிஆரில் இருந்தால் கொடுக்க வேண்டிவரும். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே விஷயம்தான் என்பது என் கருத்து, சிலர் இதற்கு என்னிடம் சண்டைக்கு வருவார்கள். 2009 தேர்தலில் இது பெரிய அளவில் செய்தித்தாள் பக்கங்களையே விலைபேசும் 'பெய்டு நியூஸ்' ஆகி, பிரஸ் கவுன்சில் குழு அமைத்து விசாரிக்க வேண்டியதாயிற்று. இப்போது தேர்தல் நேரத்தில் இதைப் பார்க்க மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு இருக்கிறது.

ஆக, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்டுடியோவையும் கேமராவையும் காட்டுவார்கள், பாருங்கள். கூடவே ஊடகச் சட்டம் பாடத்தை யார் எடுக்கிறார் என்று கேளுங்கள். வக்கீலோ, கோர்ட் செய்திகளைச் சேகரித்த நிருபரோ வந்து எடுத்தால் நல்லது. பாடக் குறிப்பில் அவதூறுக்கு இன்னும் பழைய ஐபிசியின் 499, 500 பிரிவுகள் மட்டுமே இருந்தால் அது தூசு தட்டாத குறிப்பு. பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, சேருவதற்கு முன்பே மகள் ஒருமுறை படித்துவிடலாம்.

வேலைக்குப் போகும்போது இன்டர்வியூவில் அவளே கேட்க வேண்டியது: ரிலீஸுக்குக் கடைசி ஒப்புதல் யார் தருகிறார், அது மெயிலில் வருமா, வாய்மொழியா? தவறான தகவல் என்று தெரிந்து நான் மறுத்தால் யாரிடம் போக வேண்டும்? இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் சேராமல் இருப்பதே லாபம். ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தமாக இருந்தால், வழக்கு வந்தால் செலவும் நஷ்டஈடும் முழுக்க எழுதியவர் பொறுப்பு என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். அதைக் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். 'வேண்டுமென்றே செய்த தவறுக்கு மட்டும்' என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை, கேட்டால் மாற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.